ராணி எறும்பு கிடைக்கவில்லையா, கிடைத்தும் நிலைக்கவில்லையா? பினாங்கில் வளர்ப்பவர்களுக்கு

மாலை நான்கு மணிக்கு இடியோடு மழை கொட்டுகிறது. ஏழு மணிக்கு விட்டுவிடுகிறது. காற்று அசையவில்லை, சட்டை முதுகில் ஒட்டுகிறது. பினாங்கில் வீட்டில் கூடு வளர்க்க ராணி எறும்பு தேடுகிறவர்களுக்கு இதைவிட நல்ல இரவு கிடையாது. ஆனாலும் அன்றைக்கு வெறுங்கையோடு வீடு திரும்புகிறவர்கள் உண்டு. ராணியைப் பிடித்து வந்து, ஒரு மாதம் கழித்துச் செத்த உடலைச் சோதனைக் குழாயிலிருந்து தட்டி எடுக்கிறவர்களும் உண்டு. எனக்கு இரண்டுமே நடந்திருக்கிறது.

ஒவ்வொரு ராணிக்கும் பிடித்த நாள், இடம், முட்டை தெரிந்த நாள், செத்திருந்தால் அதற்கான காரணம் என்று ஒரு நோட்டில் எழுதி வைக்கிறேன். அதைப் புரட்டினால் ராணிக்குத் தன் வேலை தெரியும் என்பது விளங்கும். கெட்டுப்போனவற்றில் பாதிக்கு மேல் வீட்டுச் சூழலாலும், திறந்து திறந்து பார்த்த என் கையாலும் கெட்டவை. உங்களுக்கு எது சிக்கலோ அந்தத் தலைப்புக்கு நேராகப் போய்ப் படியுங்கள்.

மழைக்குப் பிறகு அலைந்தும் ஒன்றுகூடக் கிடைக்கவில்லை

முதலில் காலத்தைப் பாருங்கள். தைப்பூசத்துக்கு வெள்ளித் தேர் தண்ணீர்மலைக்குப் போகும் ஜனவரி, பிப்ரவரி நாட்களில் இங்கே வெயில் காயும். அப்போது தேடினால் கால்தான் வலிக்கும். ஏப்ரல், மே மாதத்து இடிமழையும் செப்டம்பர், அக்டோபர் மழையும்தான் நமக்கான காலம். தூறிக்கொண்டே இருக்கும் இரவிலும் ராணிகள் கலவிக்குப் பறக்காது. நல்ல மழை பெய்து, விட்டு, புழுக்கம் தொடங்க வேண்டும். பல கூடுகள் ஒரே அறிகுறியைப் பிடித்துக்கொண்டு ஒரே இரவில் பறப்பதால்தான் ஒரு கூட்டின் ராணிக்கு வேறு கூட்டின் ஆண் கிடைக்கிறது. அந்த இரவைத் தவறவிட்டால் அடுத்த மழைவரை காத்திருக்க வேண்டியதுதான்.

அடுத்து விளக்கு. மஞ்சள் எல்இடி விளக்கு பூச்சிகளைக் குறைவாகவே இழுக்கும். வெள்ளை வெளேரென்று எரியும் விளக்கு, அதுவும் பின்னால் மரமோ மலைச்சரிவோ இருக்கும் விளக்கு வேண்டும். ஆயர் ஈத்தாம், பாயா தெருபோங் பக்கம் மலையடிவாரத்து பிளாட்டுகளின் நடைபாதையும் கார் நிறுத்துமிடமும் இதற்கு நன்றாக அமையும். பாயான் லெப்பாஸில் மாலை ஷிப்ட் முடிந்து வரும் வழியில் இருக்கும் ஒரு பூப்பந்துத் திடல் விளக்கடியில்தான் என் முதல் கட்டெறும்பு ராணி கிடைத்தது.

அண்ணாந்து பார்க்காதீர்கள். இது பலர் செய்யும் தவறு. விளக்கைச் சுற்றிப் பறப்பவற்றில் பெரும்பாலும் ஆண்களும் ஈசலும்தான். கலவி முடிந்த ராணி தரையில் இறங்கி, இறக்கையை உதறிவிட்டு, ஒளிய இடம் தேடி வேகமாக ஓடிக்கொண்டிருக்கும். சுவரும் தரையும் சேரும் இடம், கால்வாய் ஓரம், பூந்தொட்டிக்கு அடி, இங்கெல்லாம் கைவிளக்கைத் தரையோடு சாய்த்துப் பிடித்துப் பாருங்கள். நேரமும் முக்கியம். இங்கே ஏழரை மணிக்கு இருட்டும். அந்தி நேரத்தில் பறப்பவை சில, நன்றாக இருட்டிய பிறகு வருபவை சில. கட்டெறும்பு வகையான கேம்போனோட்டஸ் இரண்டாவது ரகம். பல்லிக்கும் தேரைக்கும் இந்தக் கணக்கு நம்மைவிட நன்றாகத் தெரியும். தேரை உட்கார்ந்திருக்கும் விளக்கடியை நான் விடுவதில்லை. இரவில் விட்டதை மறுநாள் காலை ஆறு, ஏழு மணிக்குக் கடைகளின் முன்னால் இருக்கும் ஐந்தடி நடைபாதையில் பிடித்துவிடலாம்.

பிடிக்க விரல் வேண்டாம். மூடியுள்ள சின்ன டப்பாவை முன்னால் சாய்த்து வைத்து, பின்னாலிருந்து ஒரு காகிதத்தால் மெல்ல ஓட்டுங்கள், தானே உள்ளே போகும். டப்பாவில் ஈரமான டிஷ்யூ துண்டு ஒன்று போதும். ஒரு டப்பாவுக்கு ஒரு ராணி. டப்பாவை மோட்டார் இருக்கைக்கு அடியில் வைத்துவிட்டு வெயிலில் நிறுத்தாதீர்கள், வீடு வருவதற்குள் அவிந்துவிடும்.

தெலுக் பஹாங் தேசியப் பூங்காவுக்குள்ளும் வனக் காப்பகங்களுக்குள்ளும் அனுமதி இல்லாமல் எதையும் பிடிக்கக் கூடாது. தாவரவியல் பூங்காவிலும் அப்படித்தான். நமக்கு விளக்கடியே போதும். 2025இல் கென்யாவில் ஏறக்குறைய 5,000 ராணி எறும்புகளைச் சோதனைக் குழாய்களில் அடைத்து வெளியே கொண்டுபோக இருந்த இரண்டு பெல்ஜிய இளைஞர்கள் பிடிபட்டு, நீதிமன்றம் அபராதம் விதித்தது. வளர்க்கும் ஆசை விற்கும் ஆசையாகத் திரும்பினால் அங்கேதான் போய் நிற்கும். நான் ஒரு பருவத்துக்கு மூன்று ராணிகளுக்கு மேல் எடுப்பதில்லை.

கூட்டைத் தோண்டிப் பார்த்தேன், ராணியைக் காணோம்

தோண்டாதீர்கள். முதல் அதிர்விலேயே வேலைக்கார எறும்புகள் ராணியை ஆழத்துக்குக் கொண்டுபோய்விடும். நீங்கள் ஒரு முழம் தோண்டினால் அது ஒன்றரை முழத்தில் இருக்கும். கூடும் சிதைந்துபோகும். இன்னொன்று, இங்கே தோட்டங்களில் தனியாக மேயும் கருஞ்சாம்பல் நிற டயகம்மா எறும்புக்கு ராணி என்ற தனி உருவமே கிடையாது. வேலைக்கார எறும்புகளில் ஒன்றே ஆணோடு கலந்து முட்டையிடும். மற்றவை பிறந்ததும் அவற்றின் மார்பில் இருக்கும் சின்ன மொட்டு போன்ற உறுப்பைக் கடித்து எடுத்துவிடுவதால் அவற்றுக்குக் கலவி கிட்டாது. அந்தக் கூட்டில் எத்தனை நாள் தோண்டினாலும் ராணி கிடைக்கப் போவதில்லை.

கிடைத்தது ராணிதானா?

பக்கத்து வீட்டுப் பையன் ஒருநாள் இரவு பத்து மணிக்குக் கதவைத் தட்டினான். கையில் ஐஸ்கிரீம் டப்பா.

“அண்ணே, ராணி! பதினைஞ்சு புடிச்சிட்டேன்.”

“பதினைஞ்சா? இங்க குடு தம்பி, பாப்போம்.”

பதினைந்தும் ஈசல். கறையானின் இறக்கை முளைத்த வடிவம். அவன் முகம் விழுந்துவிட்டது. அதனால் அங்கேயே மேசை விளக்கைப் போட்டு வித்தியாசத்தைக் காட்டினேன். ஈசலின் நான்கு இறக்கையும் ஒரே நீளம், உடம்பைத் தாண்டி நீளும். எறும்புக்கு முன்னிறக்கை பெரியது, பின்னிறக்கை சின்னது. ஈசலுக்கு இடுப்பு கிடையாது, தலையிலிருந்து வால்வரை ஒரே தடிமன். எறும்பின் இடுப்பு நூலாக இறுகியிருக்கும். ஈசலின் உணர்கொம்பு மணி கோத்த மாதிரி நேராக இருக்கும். எறும்புக்கு முழங்கை மடித்த மாதிரி வளைந்திருக்கும். இறக்கை உதிர்ந்த ஈசல்கள் தரையில் ஒன்றின் பின்னால் ஒன்று ஒட்டிக்கொண்டு ஓடுவதைப் பார்த்தால் வேறு சோதனையே வேண்டாம்.

எறும்புதான் என்று தெரிந்த பிறகு அடுத்த குழப்பம் ஆண். ஆணுக்குத் தலை சின்னது, கண் பெரியது, உடம்பு ஒல்லி. சில நாளில் தானே செத்துவிடும். மூன்றாவது குழப்பம் பெரிய வேலைக்கார எறும்பு. கேம்போனோட்டஸ் கூட்டில் பெருந்தலைக் காவல் எறும்புகள் உண்டு, அளவை மட்டும் பார்த்தால் ஏமாந்துவிடுவோம். அவற்றுக்குத் தலைதான் பெரியது, மார்பு ஒடுங்கியிருக்கும்.

ராணியின் அடையாளம் மார்பில்தான் இருக்கிறது. பறக்கும் தசை அங்கே இருந்ததால் மார்பு திமில் மாதிரி உயர்ந்து, மேலே தகடுகள் பொருத்தியது போலக் கோடுகளோடு தெரியும். கைப்பேசிக் கேமராவைப் பெரிதாக்கிப் பக்கவாட்டில் பாருங்கள். மார்பின் இரண்டு பக்கமும் இறக்கை ஒடிந்த இடத்தில் சின்னத் தழும்பு, சிலவற்றில் துரும்பளவு இறக்கை மிச்சமும்கூட இருக்கும். நான் முதல்முறை இதைப் பார்த்தபோது மூச்சை அடக்கிக்கொண்டு ஐந்து நிமிடம் பார்த்துக்கொண்டிருந்தேன். இந்தத் தழும்பு தெரிந்தால் சந்தேகமே வேண்டாம்.

இனமும் ஓரளவு தெரிய வேண்டும். பச்சை சாயல் உள்ள பெரிய ராணி என்றால் முசுறு, இங்கே நாம் கெரெங்கா என்போமே அது. 1775இல் ஃபாப்ரீசியஸ் இதற்கு மரகதம் என்ற பொருளில் ஸ்மரக்டினா என்று பெயர் வைத்தார். எளிதாகக் கூடு தொடங்கும், பல ராணிகள் சேர்ந்தும் தொடங்கும். ஆனால் கூடு பெருத்த பிறகு அதற்கு இலையுள்ள மரம் வேண்டும், பிளாட்டில் கட்டுப்படாது. நிறம் மங்கிய செம்பழுப்பில், தடித்த பிரமாண்டமான ராணி கிடைத்தால் அது கேரெபாராவாக இருக்கலாம். பார்க்க ஆசையாக இருக்கும். ஆனால் தனி ராணியாகக் கூடு தொடங்குவதில் பெரும்பாலும் தோற்றுவிடும். புதியவர்கள் அதை எடுத்த இடத்திலேயே விட்டுவிடுவது நல்லது. முதல் ராணியாகக் கேம்போனோட்டஸ் என்பதே என் பரிந்துரை.

இறக்கை உதிரவே இல்லை

பொறுங்கள். கலந்த ராணிகளில் சில இறக்கையோடே முட்டையிடும். நான் இறக்கையுள்ள ராணியையும் குழாயில் போட்டு ஒரு மாதம் தொடாமல் வைப்பேன். அதற்குள் உதிரவும் இல்லை, முட்டையும் இல்லை என்றால் கலக்காத ராணி என்று முடிவு செய்யலாம். இறக்கையை நீங்களே பிய்க்காதீர்கள். அதனால் கலந்த ராணி ஆகிவிடப் போவதில்லை.

முட்டையே இடவில்லை

குழாயைச் சரியாகக் கட்டினீர்களா? 16 மில்லிமீட்டர் அகலம், 150 மில்லிமீட்டர் நீளமுள்ள சோதனைக் குழாய். மூன்றில் ஒரு பங்கு தண்ணீர். அதை அடைக்கும் பஞ்சு இறுக்கமாக, நுனி மட்டும் ஈரமாக. ராணி இருக்கும் இடம் நடுவில், வாயில் இன்னொரு பஞ்சு. அதை ஒரு துணியில் சுற்றி அலமாரியில் படுக்க வைத்தால் வேலை முடிந்தது. நம் ஊர்ச் சூடே போதும், சூடேற்றும் பட்டை எதுவும் வேண்டாம்.

பெரும்பாலான ராணிகள் சில நாளிலிருந்து இரண்டு வாரத்துக்குள் முட்டையிடும். அதுவரை சோறு போடத் தேவையில்லை. இனிப் பயன்படாத பறக்கும் தசையைக் கரைத்து அந்தச் சத்திலேயே முதல் பிள்ளைகளை அது வளர்க்கும். இரக்கப்பட்டுத் தேன் துளி வைக்கிறவர்கள் குழாயை ஒட்டும் பிசுபிசுப்பும் ஆக்கி, பூஞ்சைக்குத்தான் விருந்து வைக்கிறார்கள்.

இதற்கு விலக்கு உண்டு. தரையில் தனியாக மேயும், கொட்டும் வகையான ஓடோன்டோபோனெரா போன்றவற்றின் ராணி கூடு தொடங்கும் காலத்திலும் வெளியே போய் இரை தேடும். அதன் ராணி வேலைக்கார எறும்பைவிடக் கொஞ்சமே பெரியது. பட்டினி போட்டால் முட்டையிடாது, இட்டாலும் அதைத் தின்றுவிடும். அதற்கு மூன்று நான்கு நாளுக்கு ஒருமுறை கொன்ற சின்ன வெட்டுக்கிளிக் காலோ புழுத்துண்டோ வைத்து, மறுநாள் மிச்சத்தை எடுத்துவிட வேண்டும். கையில் கொட்டு வாங்காமல் பார்த்துக்கொள்ளுங்கள்.

முட்டை இருந்தது, இப்போது காணோம்

ராணி தின்றுவிட்டது. பயந்த ராணி செய்வது இது. காரணம் அநேகமாக நீங்களாகத்தான் இருக்கும். எத்தனை முறை திறந்து பார்த்தீர்கள்?

முதல் வருடம் நான் தினமும் பார்த்தேன். ஒவ்வொரு முறை வெளிச்சம் பட்டபோதும் ராணி முட்டைக் கொத்தைத் தாடையில் கவ்விக்கொண்டு அங்குமிங்கும் ஓடியது. பத்துப் பன்னிரண்டு முட்டைகள் ஒன்றோடொன்று ஒட்டி, கசகசா உருண்டை மாதிரி இருக்கும். வைக்க இடம் தெரியாமல் தவிக்கும் அதைப் பார்த்தும் எனக்கு உறைக்கவில்லை. மூன்றாவது வாரம் கொத்து சின்னதானது, நான்காவது வாரம் ஒன்றும் இல்லை. இப்போது வாரம் ஒருமுறை, சிவப்பு செலோபேன் தாள் சுற்றிய கைவிளக்கில், பத்து வினாடி. எறும்புகளுக்குச் சிவப்பு சரியாகத் தெரியாது.

அதிர்வையும் பாருங்கள். துணி துவைக்கும் இயந்திரத்துக்குப் பக்கத்தில், கதவு அடிக்கும் அலமாரியில், ஒலிபெருக்கி மேல் வைக்காதீர்கள். ஒருமுறை தின்றுவிட்டால் பதற வேண்டாம். தொடாமல் விட்டால் பெரும்பாலும் மறுபடி இடும்.

குழாயில் தண்ணீர் பெருகிவிட்டது, பஞ்சு கறுத்துவிட்டது

தண்ணீர் பெருகினால் பஞ்சு தளர்வு, அல்லது குழாய் வெயில்படும் ஜன்னலோரம். தண்ணீருக்குப் பின்னால் இருக்கும் காற்று சூட்டில் விரிந்து தண்ணீரை முன்னால் தள்ளும். இடத்தை மாற்றுங்கள். பஞ்சில் மஞ்சளோ கறுப்போ படிந்தால் அவசரப்படத் தேவையில்லை, முட்டைப் பக்கம் பரவாதவரை ராணி அதோடு வாழும். மாற்றியே ஆக வேண்டும் என்றால் தட்டிக் கொட்டாதீர்கள். புதுக் குழாயைப் பழையதோடு வாய்க்கு வாய் வைத்து ஒட்டி, புதியதை மட்டும் துணியால் மூடி, பழையதன் மேல் வெளிச்சம் விழ வையுங்கள். ஒரு நாளோ ஒரு வாரமோ ஆகும். முட்டையைத் தானே தூக்கிக்கொண்டு இடம் மாறும்.

நேற்று நன்றாக இருந்தது, இன்று செத்துக் கிடக்கிறது

நோட்டில் அதிகப் பக்கம் பிடித்திருப்பது இதுதான். நம் வீடுகளில் காரணங்கள் மூன்று.

ஒன்று, மருந்து. டெங்கி வந்தால் தாமானுக்குள், அதாவது நம் குடியிருப்புக்குள், புகை அடிப்பார்கள். அது நம் உயிருக்காக அடிப்பது, குறை சொல்ல முடியாது. ஆனால் அந்தப் புகை கொசுவை மட்டும் தேர்ந்தெடுத்துக் கொல்லாது. அறிவிப்பு ஒட்டிய அன்றே குழாய்களை இறுக மூடும் பிளாஸ்டிக் பெட்டியில் போட்டு, ஜன்னல் இல்லாத உள்ளறைக்குக் கொண்டுபோங்கள். புகை அடங்கி, வீட்டைத் துடைத்து, காற்றோட்டம் விட்ட பிறகு வெளியே எடுங்கள். தினசரிக் கொசுவர்த்தியும் சுவரில் செருகும் திரவ மருந்தும் இதைவிட மோசம், ஏனென்றால் அவற்றை நாம் மருந்தென்றே நினைப்பதில்லை. ஆறு மாதம் வளர்ந்த என் கூடு ஒன்று ஒரே இரவில் போனது. மனைவிதான் கண்டுபிடித்தாள்: “ஏங்க, கொசுவத்திய நேத்து அந்த அலமாரிக்குக் கீழதானே வெச்சீங்க?” நான்தான் வைத்தேன்.

இரண்டு, வீட்டுக்குள் திரியும் பொடி எறும்பு. தலை கறுத்து, வயிறு வெளுத்து, கண்ணுக்கே சரியாகத் தெரியாத அந்த எறும்பு பஞ்சின் இழைக்குள் நுழைந்துவிடும். காலையில் பார்த்தால் ராணியின் கால் ஒருபக்கம், தலை ஒருபக்கம். பஞ்சை எவ்வளவு இறுக்கினாலும் இதைத் தடுக்க முடியாது. என் அம்மா கெடாவில் தோட்டத்து வீட்டில் சாப்பாட்டு அலமாரியின் நான்கு காலையும் பால் டின்னில் தண்ணீர் ஊற்றி அதற்குள் நிறுத்தியிருப்பார். அதே வேலைதான். அகலமான தட்டில் தண்ணீர், அதில் பாத்திரம் கழுவும் சோப்பு ஒரு சொட்டு, நடுவில் கவிழ்த்த கிண்ணம், அதன் மேல் குழாய்ப் பெட்டி. பெட்டி சுவரைத் தொடக் கூடாது, வயர் எதுவும் தொங்கக் கூடாது. சோப்பு இல்லாவிட்டால் பொடி எறும்பு தண்ணீர் மேலேயே நடந்துவிடும். இரண்டு நாளுக்கு ஒருமுறை தண்ணீர் வற்றியிருக்கிறதா என்று பாருங்கள். இதைத் தொடங்கிய பிறகு பொடி எறும்பால் ஒரு ராணியையும் நான் இழக்கவில்லை.

மூன்று, பிடிக்கும்போதே நோயோடு வந்தது. உடம்பில் அசையும் பொட்டுகள் தெரிந்தால் உண்ணி. செத்த ராணியிலிருந்து புழு வெளியேறினால் ஒட்டுண்ணி ஈ. இதற்கு வீட்டில் மருந்து கிடையாது. அந்தக் குழாயைத் தனியாக ஒதுக்கி வைத்து மற்றவற்றைக் காப்பாற்றுங்கள்.

புழு வளர்ந்தது, வந்ததெல்லாம் இறக்கையோடு

ராணி கலக்கவில்லை. எறும்பில் கருவுறாத முட்டை ஆணாகும், கருவுற்றது பெண்ணாகும். கலக்காத ராணி எவ்வளவு அன்பாக வளர்த்தாலும் ஆண்கள்தான் வரும். பிடித்த இடத்துக்குக் கொண்டுபோய் விட்டுவிடுங்கள். கூடு என்று ஒன்று அமையாது.

புழு வளரவே இல்லை என்று தோன்றுகிறது

வாரத்தை எண்ணுங்கள். முட்டை தெரிந்த நாளிலிருந்து முதல் வேலைக்கார எறும்பு வர நம் ஊர்ச் சூட்டில் முசுறுக்கு ஒரு மாதம், கேம்போனோட்டஸுக்கு ஐந்து ஆறு வாரம். கேம்போனோட்டஸ் கூட்டுப்புழு பழுப்பு நிறப் பட்டுறைக்குள் இருக்கும், அரிசி மாதிரி தெரியும். முசுறுவின் கூட்டுப்புழு உறையில்லாமல் வெள்ளையாகக் கிடக்கும், காலும் கண்ணும் வெளியே தெரியும். இரண்டும் சரிதான்.

முதல் வேலைக்கார எறும்புகள் வந்தன, ஒவ்வொன்றாகச் சாகின்றன

பசி. இவ்வளவு நாள் சோறு வேண்டாம் என்று சொன்ன நான் இப்போது மாற்றிச் சொல்கிறேன். முதல் எறும்பு நடமாடத் தொடங்கிய மறுநாளே சாப்பாடு தொடங்குங்கள். இவை சாதாரண அளவைவிடச் சின்னவை, வயிற்றில் சேமிப்பு இல்லை. சர்க்கரைத் தண்ணீரை ஊசி முனையளவு ஒரு பிளாஸ்டிக் துண்டில் வையுங்கள். பெரிய சொட்டு வைத்தால் அதில் விழுந்து மூழ்கிவிடும். புரதத்துக்கு, பறவைக் கடையில் விற்கும் மாவுப்புழுவைக் கொதிநீரில் போட்டெடுத்து, இரண்டாக வெட்டி, எள்ளளவு துண்டு. வெளியில் பிடித்த கரப்பான், ஈ எதையும் போடாதீர்கள், எந்த மருந்தைத் தின்றுவிட்டு வந்ததோ தெரியாது.

இருபது எறும்பு சேரும்வரை குழாயிலேயே விடுங்கள். பெரிய கூட்டுப் பெட்டி வாங்கும் ஆசை எல்லாருக்கும் வரும். பெரிய இடத்தில் ஒரு மூலையில் குப்பை கொட்டி, அதில் பூஞ்சை பிடித்து, ராணி பதறி, மறுபடி முட்டையைத் தின்னும். ஐரோப்பாவின் லேசியஸ் நைஜர் ராணி ஒன்று வளர்ப்பில் 28 வருடத்துக்கு மேல் வாழ்ந்திருக்கிறது. பெட்டி வாங்க நேரம் நிறைய இருக்கிறது. இருபது, இருபத்தைந்து எறும்பு வந்ததும் குழாயைப் பஞ்சோடு பெட்டிக்குள் படுக்க வைத்து, எறும்பு ஏறி வெளியே போகாமல் இருக்கப் பெட்டியின் மேல் விளிம்பில் முகப்பவுடரைச் சாராயம் கலந்த தேய்ப்புத் திரவத்தில் குழைத்துப் பூசி, நன்றாகக் காய்ந்த பிறகு பஞ்சை எடுங்கள்.